விமானம் இறங்கும்போது காது அடைத்தால்

ஒரு பயிற்சிக்காக ஜப்பான் போனேன். மதுரையில் ஏறி, கொழும்பில் மாறி, டோக்கியோ நரிட்டா. மதுரை–கொழும்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஆனால் இறங்கும்போது இடது காது வலித்து அடைத்துக்கொண்டது. அறிவிப்பெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. அடுத்த விமானத்துக்கு நீண்ட காத்திருப்பு வேறு.

பக்கத்தில் இருந்த மேலூர் அக்கா, "டீச்சர், இறங்குறப்ப தூங்காதீங்க, எதையாவது மென்னு முழுங்கிட்டே இருங்க" என்றார். காரணம் எட்டாம் வகுப்புப் பாடம்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு, சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவு. இறங்க இறங்க அது கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போது அது திறக்கிறது. தூக்கத்தில் நாம் அதிகம் விழுங்குவதில்லை.

கொழும்பில் கொட்டாவி விட்டு, தண்ணீர் குடித்து ஒருவழியாகக் காது திறந்தது. நரிட்டா நெருங்க அரை மணி நேரம் இருக்கும்போதே எழுப்பச் சொல்லிவைத்தேன். இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டே இருந்தேன். அடைப்பது போல் தோன்றினால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினேன். மெதுவாகத்தான், முக்கி ஊதினால் காதுக்கு ஆபத்து. இந்த முறை வலியே இல்லை.

சளி, மூக்கடைப்பு இருந்தால் மட்டும் மிட்டாயை நம்பாமல், கிளம்புவதற்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.