மடிக்கணினியில் ஒரு குள்ள கேலக்ஸி: சிற்பியைப் பிடிப்பது எப்படி?

பால்வீதியைச் சுற்றும் குள்ள கேலக்ஸிகள் பலவற்றைத் தொலைநோக்கியில் தேடினால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. விண்மீன்கள் அவ்வளவு கலைந்து கிடக்கும். முன்னால் நம் பால்வீதியின் விண்மீன்கள் வேறு மறைக்கும். அவற்றுள் சிற்பி விண்மீன் குழுவில் உள்ள ஒன்றை (அதன் பெயரும் சிற்பிதான்) வானியலாளர் ஹார்லோ ஷாப்லி 1938-இல் அறிவித்தார். தென்னாப்பிரிக்காவில் எடுத்த புகைப்படத் தட்டுதான் அவருக்குத் துப்பு. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த காயா விண்கலத்தின் தரவு இலவசம். பால்வீதித் தட்டுக்கு நேர் கீழ்ப்புறம் பார்க்கும் திசை என்பதால் சிற்பியின் பக்கம் தூசியும் நெரிசலும் குறைவு. முதல் முயற்சிக்கு ஏற்ற இடம்.

படி 1: தரவை இறக்குங்கள். காயா காப்பகத்தில் மூன்றாம் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, வல ஏற்றம் 15.04, நடுவரை விலக்கம் −33.71 (வானில் சிற்பியின் இடம், டிகிரியில்), ஆரம் 0.5 டிகிரி எனக் கொடுங்கள். கோப்பை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம்.

படி 2: அந்நியரை விலக்குங்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம்பெயர்வதுபோல் தெரியும்; அதுதான் இடமாறு தோற்றம், தொலைவு கூடக் கூடக் குறையும். சிற்பிக்கு அது ஏறக்குறைய 0.012 மில்லி விகலைதான் (விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு, மில்லி விகலை அதில் ஆயிரத்தில் ஒன்று). காயாவின் பிழையே அதைவிடப் பெரிது! ஆகவே இதைக்கொண்டு தொலைவை அளக்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கும். இடமாறு தோற்றம் தன் பிழையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அந்த விண்மீனை நீக்கிவிடுங்கள்.

படி 3: கூட்டாளிகளைக் கண்டுபிடியுங்கள். சுவையான இடம் இதுதான். பேருந்து நிலையக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் போவார்கள். கல்யாண வீட்டார் மட்டும் ஒன்றாகவே நகர்வார்கள். அதேபோல, விண்மீன்கள் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கின்றன என்பதை இரு அச்சுகளில் வரையுங்கள். சிற்பியின் விண்மீன்கள் (0.10, −0.16) மில்லி விகலை அருகே குவிந்திருக்கும். அதைச் சுற்றி 0.5 மில்லி விகலை ஆரத்துக்குள் இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பொலிவெண் (எண் கூடினால் விண்மீன் மங்கல்) 19-ஐவிட மங்கியவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் முதல் தடவை அவற்றையும் சேர்த்துவிட்டு, குவியலே காணோமே என்று ஒரு மாலை முழுக்க விழித்தேன். மங்க மங்கப் பிழை பெருகிப் புள்ளிகள் சிதறிவிடுகின்றன.

படி 4: நிறம் பாருங்கள். குவியலில் குவேசார்களும் (வெகுதொலைவில் உள்ள கேலக்ஸிகளின் ஒளிரும் மையங்கள்) ஒளிந்திருக்கலாம். அவை நகர்வதே இல்லையென்பதால் சுழியருகே வந்து உட்கார்ந்துவிடும். நிறத்தைக் கிடையிலும் பொலிவெண்ணைத் தலைகீழாக நெடுக்கிலும் வரையுங்கள். சாய்ந்து மேலேறும் ஒரு மெல்லிய கோடு தெரியும்: செம்பெரு விண்மீன்கள். ஒரே தொலைவில் இருப்பதால்தான் இப்படி ஒரு கோட்டில் அமைகின்றன. கோட்டை விட்டு விலகி நிற்பவற்றை நீக்கிவிடலாம்.

படி 5: தொலைவு. ஆர்ஆர் லைரே என்ற துடிக்கும் விண்மீன்கள் எங்கிருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே உண்மைப் பொலிவு கொண்டவை. 10 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தொலைவில் வைத்துப் பார்த்தால் காட்சி வடிகட்டியில் பொலிவெண் ஏறக்குறைய 0.5. சிற்பியில் அவற்றின் சராசரிப் பொலிவெண் 20.1 அளவில் இருக்கிறது (19-ஐவிட மங்கலானவை என்பதால் நம் பட்டியலில் இவை இருக்காது). வழியில் உள்ள தூசி மங்கலாக்குவதற்காக 0.06 கழியுங்கள்.

20.1 − 0.06 − 0.5 = 19.54

இதோடு 5 கூட்டி, 5-ஆல் வகுத்தால் 4.908. பத்தின் அடுக்காக அதை எடுத்தால் ஏறக்குறைய 81,000 பார்செக். 3.26-ஆல் பெருக்கினால் 2.64 லட்சம் ஒளியாண்டு.

ஆய்வாளர்கள் சொல்வது 84,000 பார்செக் அளவில். நம் கணக்கு தப்பில்லை: பொலிவெண்ணில் 0.1 பிசகினாலே தொலைவு 5 சதவீதம் மாறும். அந்த 0.5-கூட விண்மீனின் உலோகச் செறிவை (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் அளவை) பொறுத்துச் சற்று ஏறி இறங்கும். 0.45 என்று போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 83,000 வரும்.