ஊர்ல தாத்தா நிலம், சிங்கப்பூர்ல நாம: உச்சவரம்பு சிக்கல் இருக்கான்னு எங்க கேக்கறது

உச்சவரம்புன்னா ஒரு குடும்பம் வச்சுக்கற விவசாய நிலத்துக்கு சட்டம் போட்ட அதிகபட்ச அளவு, அதுக்கு மேல இருக்கற உபரியை அரசு எடுத்துக்கும். தமிழ்நாட்டுல பூர்வீக நிலம் இருக்கறவங்க இதுக்காக நேரா கலெக்டர் ஆபீஸுக்கு ஓடாதீங்க. நிலச் சீர்திருத்தத்துக்கு வருவாய்த் துறைக்குக் கீழ தனி ஆணையரகமே இருக்கு, சென்னை சேப்பாக்கம் எழிலகத்துல, அதுக்குக் கீழ உதவி ஆணையர்ங்க தான் ஃபைலை நடத்தறவங்க.

1961 சட்டத்துல உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல 5 பேர் குடும்பத்துக்கு 15ஆ குறைச்சாங்க. இது சாதாரண ஏக்கர் இல்ல, தீர்வையை (நில வரியை) பார்த்து கணக்கு போடுவாங்க, புஞ்சைன்னா 1 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கே பல சாதாரண ஏக்கர் வரும், அதனால பட்டால 20 ஏக்கர்னு பார்த்ததும் பதறாதீங்க.

முதல்ல பட்டா, சிட்டாவை ஆன்லைன்ல எடுங்க. அப்புறம் விஏஓகிட்ட அ-பதிவேட்டுல (ஊர் நிலம் எல்லாத்தோட விவரமும் இருக்கற பதிவேடு) அந்த சர்வே நம்பரைப் பாக்கச் சொல்லுங்க, உபரின்னு அரசு எடுத்த நிலம்னா அங்கயே தெரியலாம். சந்தேகமா இருந்தா உதவி ஆணையர் ஆபீஸுக்கு சர்வே நம்பரோட மனு, பதில் வரலன்னா ஆர்டிஐ. தரகர் சொல்றத மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ்.

சித்தப்பாவை அலைய விடணும்னா கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகம் வழியா பவர் பத்திரம் அட்டெஸ்ட் பண்ணி அனுப்புங்க. இந்திய பாஸ்போர்ட்டோட வெளிநாட்டுல குடியிருந்தாலும் சரி, சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டாலும் சரி, விவசாய நிலம் புதுசா வாங்க முடியாது, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான அட்டை) இருந்தாலும் அதே தான், வாரிசா வர்றதுக்குத் தடை இல்ல.