மலைச் சைக்கிள்: இலக்கு வைக்கும்போதே செய்துவிடுகிற தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் மவுண்டன் பைக்கோடு வருகிற புதியவர்களிடம் டீக்கடையில் நிற்கும்போது "இந்த வருஷம் என்ன டார்கெட்?" என்று கேட்பேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் சொன்ன அதே பதில்களைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். நாங்கள் விழுந்த இடத்திலேயே விழவும் செய்கிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் மலைக்கு வண்டியை எடுத்து வருவதில்லை.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் படம் பார்க்கலாம். கல்லும் வேருமான மண் பாதையில் 12 கிலோமீட்டர் போனாலே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இத்தனை மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். உடம்பு தேறுகிறதா என்று பார்க்க ஒரே ஏற்றத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தால் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறோம். முழுசாக ஏற வேண்டுமென்பதில்லை, நடுவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

இறக்கத்துக்கு நேரக் கணக்கு வைப்பது

மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா ஆப்பில் ஓர் இறக்கத்தைப் பிடித்து, "இப்போ 6 நிமிஷம் ஆகுது, தீபாவளிக்குள்ள 5 நிமிஷம்" என்று எழுதி வைக்கிறார்கள். எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. ஆபீஸில் டார்கெட் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருப்பதால் சந்தேகமே வருவதில்லை.

ஏற்றத்தில் நேரம் குறைந்தால் பெரும்பாலும் உடம்பு தேறியிருக்கிறது என்று அர்த்தம். இறக்கத்தில் அப்படிச் சொல்ல முடியாது. மண் காய்ந்திருக்கலாம். எதிரே ஜீப் வராமல் இருந்திருக்கலாம். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் எப்படியோ தப்பித்திருக்கலாம். பயப்பட வேண்டியது இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான். திறமை கொஞ்சமும் கூடாமல் நேரத்தைக் குறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. போதாததற்கு, மரங்களுக்கு அடியில் போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். சிறிய இறக்கத்தில் இரண்டு விநாடி குறைந்தது என்று கொண்டாடுவதில் பொருளே இல்லை.

எங்களோடு ஒரு தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். எஸ்டேட் நடுவே இறங்கும் மண் பாதையில் வாரா வாரம் நேரம் குறைந்துகொண்டே வந்தது. குழுவில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் ஓர் இடது வளைவில் அவன் எப்போதும் வேகமாக நுழைந்து, உள்ளே போன பிறகுதான் பதறிப் பிரேக் பிடிப்பான். ஒருநாள் சரளையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டது. காரை எலும்பு முறிந்து, தோளில் பிளேட் வைத்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தான். திரும்பி வந்ததும் அவன் முதலில் கேட்டது: "அண்ணா, என் டைமை யாராச்சும் பிரேக் பண்ணிட்டாங்களா?" எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

டவுன்ஹில் போட்டியில் கடிகாரம்தானே எல்லாம் என்று கேட்பார்கள். ஆமாம். அங்கே பாதையை அடைத்திருப்பார்கள், வீரர்கள் முதலில் அதில் நடந்து பார்ப்பார்கள், போட்டிக்கு முன் ஓட்டிப் பழகவும் செய்வார்கள். எஸ்டேட் பாதையில் கொழுந்து மூட்டையோடு அக்காக்கள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், சாயங்காலமானால் காட்டுமாடே நிற்கும்.

இறக்கத்துக்கு இலக்கு வேண்டுமென்றால் அந்த வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். உள்ளே போனதும் பார்வை வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும், முன் சக்கரத்தில் அல்ல. வெளிப்பக்கக் கால் கீழே அழுத்தி நிற்க, உடம்பைவிட வண்டி அதிகமாகச் சாய வேண்டும். 10 முறையில் 8 முறை கால் ஊன்றாமல், உள்ளே பிரேக்கைத் தொடாமல் வெளியே வந்தால் இலக்கு எட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏற வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். கீழே நிற்கும் நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் செய்வதும் எவ்வளவு வேறு என்று தெரியும்.

களைத்த பிறகு வித்தை பழகுவது

மூன்று மணி நேரம் ஏறிவிட்டு, கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது முன் சக்கரத்தைத் தூக்கப் பழகுகிறார்கள். உடம்பு கற்றுக்கொள்வது களைப்பில் செய்யும் கோணல் அசைவைத்தான். உடம்பு சூடானதும் முதல் அரைமணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள், ஏற்றம் அப்புறம். இன்னொன்று, நின்ற இடத்தில் சமநிலை காப்பது, நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுவது இதற்கெல்லாம் மலை எதற்கு? வீட்டுப் பக்கத்து மைதானத்தில் வார நாட்களில் முடித்துவிடலாம்.

எல்லா நாளும் நடுத்தர வேகம்

லேசான நாள் என்றால் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். கடினமான நாளில் பேச்சே வரக் கூடாது. குழுவாகப் போனால் இரண்டும் கெட்டு அரைப் பந்தயமாக முடியும்.

ஓய்வு வாரம் இல்லாத அட்டவணை

மூன்று வாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் நான்காவது வாரம் குறையுங்கள்.

புது வண்டியை இலக்காக எழுதுவது

அது ஷாப்பிங்.

அனுமதி கேட்காத பாதை

ரிசர்வ் காடு என்றால் வனத்துறையிடம், எஸ்டேட் என்றால் நிர்வாகத்திடம் கேட்ட பிறகே அந்தப் பாதையைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மழையைப் பார்க்காமல் தேதி குறிப்பது

கோத்தகிரிக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் செம்மண் வழுக்கும். தீபாவளியும் அப்போதுதான் வரும். இறக்கப் பயிற்சியைப் பிப்ரவரியிலிருந்து மே வரை வைத்துக்கொண்டு, மழை மாதங்களை மைதானத்துக்கும் கால், இடுப்புப் பலத்துக்கான உடற்பயிற்சிக்கும் விடுங்கள். ஜூன், ஜூலையில் பலா பழுக்கும்போது, மேட்டுப்பாளையம் - கோத்தகிரி ரோட்டில் இருக்கும் குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கும். ஏற்றத்தில் நேரம் பார்க்கிற திட்டம் அப்போது இருந்தால், இருட்டோடு கிளம்பாமல் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.