ஏரிச் சேற்றில் பழைய டிஎன்ஏ: சறுக்கும் இடங்கள்

வட கிரீன்லாந்தின் காப் கோபன்ஹேகன் படிவுகளில் கிடைத்த டிஎன்ஏவுக்கு வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. இன்று மரமே இல்லாத அந்த நிலத்தில் ஒரு காலத்தில் பாப்லரும் பிர்ச்சும் நின்றன, மாஸ்டடான் யானை மேய்ந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. எலும்பே தேவையில்லை, மண் போதும். ஆனால் மண் எளிதில் ஏமாற்றும்.

ஏரியடியில் குழாய் இறக்கிச் சேற்றைத் தூண்போல (கோர்) எடுக்கும்போதே தப்பு தொடங்கிவிடுகிறது. குழாய் இறங்கும்போது மேல் சேற்றை ஓரமாகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால் வெளிப்பக்கத்தை ஒரு கத்தியால் வழித்துத் தள்ளிவிட்டு, வேறு கத்தியால் நடுச்சேற்றை எடுக்க வேண்டும். அடியிலிருந்து மேலாக வாருங்கள். பழைய அடுக்கில் டிஎன்ஏ குறைவு. கத்தியில் ஒட்டிய புதுச் சேறு துளி இருந்தாலும் அதை அமுக்கிவிடும். டிஎன்ஏவைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் நடக்கும் கட்டடத்தில் கோரைத் திறக்கவே கூடாது. காலையில் பிசிஆர் அறைக்குப் போனவருக்கு அன்று பழைய டிஎன்ஏ அறையில் வேலை இல்லை.

ஒவ்வொரு தொகுப்பிலும் சேறு போடாத வெற்றுக்குழாய்கள் கூடவே ஓட வேண்டும். கடையில் வாங்கும் பிசிஆர் ரசாயனங்களிலேயே மாடு, பன்றி, கோழி டிஎன்ஏ இருந்திருக்கிறது. பனியுகத்தில் பசு கிடைத்துவிட்டது என்று துள்ளும் முன் வெற்றுக்குழாயைப் பாருங்கள்.

டிஎன்ஏ உண்மையானதாகவே இருந்தாலும் அது அந்த அடுக்கினுடையதுதானா? நியூசிலாந்தில் மோவா பறவையின் எச்சங்கள் கிடந்த குகை அடுக்குகளில் ஆட்டின் டிஎன்ஏ கிடைத்தது. ஐரோப்பியர் ஆடு கொண்டுவருவதற்கு முன்பே மோவா அழிந்துவிட்டது. மேலிருந்த ஆட்டு டிஎன்ஏ ஈரத்தோடு கசிந்து இறங்கியிருக்கிறது. எப்போதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் இந்தக் கசிவு அநேகமாக இல்லை. ஆனால் அங்கே வேறு வம்பு: குளிரில் எலும்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். சைபீரியாவின் தைமிர் பகுதியில் மாமத் (பனியுகத்து ரோம யானை) சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது என்று 2021-இல் ஓர் ஆய்வு சொன்னபோது, செத்து நெடுங்காலமான எலும்பிலிருந்து அந்த டிஎன்ஏ உதிர்ந்திருக்கலாமே என்று மறுப்பு எழுந்தது. ஒரு விலங்கின் 'கடைசித் தேதி'யை மண் டிஎன்ஏவை மட்டும் நம்பிச் சொல்வது துணிச்சல்தான். அலாஸ்காவின் செயின்ட் பால் தீவில் மாமத் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது என்பது நிற்கக் காரணம், சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகளும் எலும்புகளின் வயதும் அதே காலத்தைக் காட்டியதுதான்.

டிஎன்ஏ ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது; பழைய டிஎன்ஏ துண்டுகளின் முனைகளில் 'சி' எழுத்து 'டி'யாக மாறியிருக்கும், அதுவே பழமைக்குத் தடயம். சிதைந்த எழுத்துகளை நீக்கும் யுடிஜி நொதியைப் போட்டுச் சுத்தம் செய்தால் இந்தத் தடயமும் போய்விடும்; எல்லா நூலகத்துக்கும் (வாசிப்பதற்குத் தயாரித்த டிஎன்ஏ துண்டுத் தொகுப்புக்கும்) அதைப் போடாதீர்கள். டிஆர்என்எல் போன்ற தாவர மரபணுவின் ஒரு குட்டித் துண்டை மட்டும் பிசிஆரில் பெருக்கி இனத்தை அடையாளம் காணும் மெட்டாபார்கோடிங்கில், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ப்ரைமரே (சிறு டிஎன்ஏ இழை) முனைகளை மூடிவிடுவதால் தடயம் தெரியவே தெரியாது. அங்கே வெற்றுக்குழாயும் திரும்பத் திரும்பச் செய்யும் பிசிஆரும்தான் சாட்சி. ஒரு மாதிரிக்கு 8 பிசிஆர் செய்து, எத்தனையில் அந்த இனம் வந்தது என்று எண்ணுங்கள். ஒரு மரத்தின் டிஎன்ஏ துண்டுகளைக் கருவி வாசித்த எண்ணிக்கை பத்து மடங்கு என்றால் மரமும் பத்து மடங்கு என்று ஆகாது.

பெயரிடும்போதும் நிதானம் வேண்டும். டிஆர்என்எல்லின் அந்தக் குட்டித் துண்டில் வில்லோவையும் பாப்லரையும் பெரும்பாலும் பிரிக்க முடியாது. தரவுத்தளம் ஒரு சிற்றினப் பெயரைத் துப்பினாலும், இரண்டுக்கும் பொதுவான 'சாலிகேசி குடும்பம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.