பொன்னியின் செல்வனை முதல் பாகத்துல இருந்து கடைசி வரைக்கும் ரசிச்சுப் படிக்கது எப்படி?

நம்ம பக்கம் யார்ட்ட கேட்டாலும் "பொன்னியின் செல்வனா, ஆரம்பிச்சேன், ரெண்டாம் பாகம் பாதியில நிக்குது"ன்னுதான் சொல்லுதாங்க. நானும் காலேஜ்ல படிக்கும்போது ரெண்டு தடவ அப்படித்தான் விட்டேன். அப்புறம் கல்லிடைக்குறிச்சியில எங்க ஆச்சிக்கு கண்ணு மங்கிப்போன சமயத்துல தினமும் விளக்கேத்துன பிறகு ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன், அப்பத்தான் இந்தக் கதைய எப்படிப் படிக்கணும்னே பிடிபட்டுச்சு. முதல் தடவ படிக்கப் போறவங்களுக்காக அத அப்படியே எழுதுதேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. இது உக்காந்து ஒரே மூச்சுல முடிக்கதுக்காக எழுதுனது இல்ல. 1950 அக்டோபர்ல தொடங்கி 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல எழுத்தாளர் கல்கி வாராவாரம் எழுதுன சோழர் காலத்துத் தொடர்கதை, மூணரை வருஷம் ஜனங்க காத்துக்கெடந்து படிச்சது. ஆச்சி அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தாளாம், தெருவுல ஒரு வீட்டுக்குத்தான் பத்திரிகை வருமாம், அது கைமாறி நம்ம வீட்டுக்கு வர்றதுக்குள்ள அடுத்த வாரமே வந்துரும்பா.

ஸ்டெப் 1: புத்தகம்

மொத்தம் அஞ்சு பாகம். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, கடைசி தியாகச் சிகரம் மட்டும் 91. மொத்தம் 293. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆகிட்டதால நிறைய பதிப்பகம் போட்டிருக்காங்க, எது வாங்குனாலும் சரி, ஆனா எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கான்னு கடைல பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, 293 அத்தியாயம் படிக்கணும்லா. மணியம் வரைஞ்ச படங்களோட கிடைச்சா விட்டுராதீங்க. காசு செலவு பண்ண யோசனையா இருந்தா பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல கேட்டுப் பாருங்க, இல்லன்னா மதுரைத் திட்டம் சைட்ல இலவசமாவே இருக்கு. முன்னாடி சிவகாமியின் சபதம் படிச்சிருக்கணுமான்னு சிலபேர் கேக்காங்க, வேண்டாம், அது பல்லவர் காலம், வேற கதை.

ஸ்டெப் 2: ஒரு நோட்டும் பென்சிலும்

பாதியில விடுறவங்கள்ல முக்காவாசி பேர் விடுறது பேர் குழம்பித்தான். அதனால ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே நோட்டுல இத வரைஞ்சுக்கோங்க. மேல முதலாம் பராந்தகர். அவருக்குக் கீழ மூணு பிள்ளைங்க, ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். மூத்தவர் ராஜாதித்தர் தக்கோலம் போர்ல யானை மேல இருந்தபடியே செத்துட்டார். அடுத்து ரெண்டாமவர் கண்டராதித்தர் பட்டத்துக்கு வாரார், அவர் சம்சாரம் செம்பியன் மாதேவி, பிள்ளை மதுராந்தகர். கண்டராதித்தர் சாகும்போது பிள்ளை சின்னப் பையன், அதனால பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போய், அவருக்குப் பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கு வருது. சுந்தர சோழருக்கு மூணு பிள்ளைங்க, ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர். இப்ப சொல்லுங்க, அடுத்த பட்டம் யாருக்கு, பெரியவர் வழிப் பேரன் மதுராந்தகருக்கா, இல்ல இப்ப ஆளுற ராஜாவோட பிள்ளைக்கா? நம்ம ஊர்ல பூர்வீக வீட்டுக்கு பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் மல்லுக்கு நிக்கத பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரிஞ்சுரும். அஞ்சு பாகமும் இந்த ஒரு கேள்விய சுத்தித்தான் ஓடுது. இந்தப் படம் கையில இருந்தா சிற்றரசர் பழுவேட்டரையர் எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம்னு தானா விளங்கும்.

மறுபக்கத்துல ஒரு மேப். பெருசா வேண்டாம், மேல காஞ்சி, கீழ வந்தா வீராணம் ஏரி, கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சாவூர், கடலோரம் நாகப்பட்டினம், தெக்க கோடிக்கரை, கடலுக்கு அங்கிட்டு ஈழம். கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரை போற இடத்துக்கெல்லாம் பென்சிலால கோடு போட்டுட்டே வாங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணத்துல கிளம்புற ஆளு ரெண்டாம் பாகத்துல அனுராதபுரத்துல நிப்பான், அந்தக் கோட்டப் பாத்தாலே படிக்க ஆசை வரும்.

ஸ்டெப் 3: ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் சத்தம் போட்டு

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், கையெல்லாம் அரிச்சாலும் ரெண்டுக்கு மேல போகாதீங்க. ஒண்ணுன்னா பத்து மாசத்துல முடிஞ்சுரும். அத்தியாயக் கடைசியில யாராவது கதவத் தட்டுவாங்க, இல்ல இருட்டுல ஒரு உருவம் தெரியும், அங்க கொண்டுபோய்த்தான் கல்கி நிறுத்துவார். அந்த எடத்துல மூடி வச்சுட்டு ராத்திரி பூரா "யாரா இருக்கும்"னு நினைச்சுட்டே கெடக்கணும், அதுலதான் ருசியே இருக்கு. நான் ஆச்சிட்ட "உனக்குத் தெரியும்லா, யாருன்னு மட்டும் சொல்லேன்"னு கெஞ்சுவேன், "நாளைக்குப் படில, தெரியும்"னு திரும்பிப் படுத்துருவா.

சத்தம் போட்டு வாசிக்கும்போது இன்னொண்ணும் நடக்கும். கல்கி வாசகர்கிட்ட நேருக்கு நேர் பேசிக்கிட்டே கதை சொல்லுத ஆளு, கண்ணால ஓட்டுனா அது காதுல விழாது. நடுவுல தேவாரம், பாசுரம் வந்தா தாண்டிப் போகாதீங்க. கதைல வர்ற வைணவர் ஆழ்வார்க்கடியான் உருகிப் பாடுத நம்மாழ்வார் யாரு, நம்ம தாமிரபரணிக் கரை ஆழ்வார்திருநகரிக்காரர்.

ஸ்டெப் 4: மூணாம் பாகத்துல நிக்காதீங்க

கடல், புயல், ஈழம்னு பறந்த கதை மூணாம் பாகத்துல வேகம் குறையும், மண்டபத்துல உக்காந்து பேசுவாங்க பேசுவாங்க பேசிட்டே இருப்பாங்க. ரெண்டாம் பாகத்தத் தாண்டுனவங்க சிக்குத எடம் இது. அப்ப பெரிய பழுவேட்டரையரோட சம்சாரம் நந்தினி பேசுத பேச்ச மட்டும் உன்னிப்பா கவனிங்க, ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி சொல்லுவா, யார்ட்ட என்ன சொன்னான்னு நோட்டுல குறிச்சு வைங்க. நாலாம் பாகத்துல எல்லாரும் கடம்பூர் மாளிகைக்கு வந்து சேரும்போது அந்தக் குறிப்பு உங்களுக்கு பயங்கரமா கைகுடுக்கும். அஞ்சாம் பாகம் தடியா இருக்கேன்னு மலைக்க வேண்டாம், தானா ஓடிரும்.

ஸ்டெப் 5: நம்ம பாண்டிநாட்டு ஆளுங்கத மறக்காதீங்க

இத யாரும் சொல்லமாட்டாங்க, அதான் நான் சொல்லுதேன். கதைல சதிகாரங்கன்னு வர்ற ஆபத்துதவிகள் யாரு, செத்துப்போன பாண்டிய ராஜா வீரபாண்டியனுக்காக சபதம் எடுத்தவங்க, நம்ம சீமைக்காரங்க. ஆதித்த கரிகாலனுக்கு கல்வெட்டுல உள்ள பட்டம் பாண்டியன் தலைகொண்டவன். வீரபாண்டியனுக்கு உள்ள பட்டம் என்ன தெரியுமா, சோழன் தலைகொண்டவன். ரெண்டு பக்கமும் ஒரே கணக்குதான். தஞ்சாவூர்க்காரருக்கு அந்த ஆபத்துதவிகள்ல ஒருத்தனான ரவிதாஸன் வெறும் வில்லன், நமக்கு அப்படிப் படிக்க மனசு வராது, அந்த உறுத்தலோடயே படிங்க, கதை இன்னும் ஆழமா இறங்கும்.

ஸ்டெப் 6: முடியுற வரைக்கும் எதையும் தேடாதீங்க

யாரு செத்தா, யாரு பட்டத்துக்கு வந்தான்னு விக்கிபீடியால தேடவே தேடாதீங்க. 2022லயும் 2023லயும் வந்த படத்த பாத்தவங்க அத ஒரு ஓரமா வச்சிருங்க, நாவல்ல நிறைய எடம் வேற மாதிரி. புத்தகக் கடைசியில கல்கியே ஒரு முடிவுரை எழுதிருக்கார், அதையும் முன்னாடி புரட்டாதீங்க.

ஸ்டெப் 7: முடிச்சவங்களுக்கு மட்டும்

முடிவுரைய படிச்சிட்டு ஒரு வாரம் சும்மா இருங்க. அப்புறம் நீலகண்ட சாஸ்திரியோட சோழர் வரலாற எடுங்க, கல்கி இந்தக் கதைக்கு அதைப் படிச்சுத்தான் இறங்குனார், சாஸ்திரி எங்க கல்லிடைக்குறிச்சிக்காரர்லா. கதைல எது நிஜம், எது கல்கி கட்டுனதுன்னு நோட்டுல டிக் அடிச்சுட்டே வாங்க, நந்தினிக்கும் பூங்குழலிக்கும் டிக் விழாது.

பிறகு ஒரு நாள் அம்பாசமுத்திரம் பக்கத்துல மன்னார்கோவிலுக்குப் போயிட்டு வாங்க. நம்ம அருள்மொழிவர்மரோட மகன் ராஜேந்திரன் பேர்ல, ராஜேந்திர சோழ விண்ணகரம்னு, சேர ராஜா ராஜசிம்மன் கட்டுன கோவில். சுவரெல்லாம் கல்வெட்டு. மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதனால காலைலயே பஸ் ஏறிருங்க, நோட்டையும் எடுத்துக்கோங்க.