வெப்பத்தில் தவிக்கும் உடலைத் தணிப்பது எப்படி?

வெப்பத்தில் தவிக்கும் ஒருவரையோ ஒரு விலங்கையோ தணிக்க முற்படும்போது, அந்த உடல் தன் வெப்பத்தை எவ்வழியாக வெளியேற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்; நாம் செய்யும் உதவி அந்த வழியைத் திறந்துவிட வேண்டுமே தவிர, அடைத்துவிடக் கூடாது.

மனித உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அது உயர்ந்தால், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து வியர்வைச் சுரப்பிகளையும் தூண்டுகிறது. ஆனால் வியர்ப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீதே முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடல் பல மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. சொட்டி விழும் வியர்வையால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. 1774இல் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், கொதிநீரைவிட மிகுதியாகச் சூடாக்கப்பட்ட அறையில் சில நிமிடங்கள் இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். அத்தகைய அறையில் வைத்த இறைச்சியோ வெந்துபோனது. உலர்ந்த காற்றில் ஆவியான வியர்வையே அவரைக் காத்தது.

ஆகவே, தவிப்பவரை நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, தோலை நீரால் நனைத்து, அதன் பிறகு விசிறுங்கள். இந்த வரிசை முக்கியமானது. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது உலர்ந்த தோலின் மீது விசிறினால் உடலுக்குள் வெப்பமே சேரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் தடைப்படுவதால், குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்துவதே மேலானது.

பேச்சுக் குழறுதல், குழப்பம், சுயநினைவிழப்பு ஆகியவை தென்பட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தன் இலக்கு வெப்பநிலையையே உயர்த்திக்கொள்கிறது, மாத்திரை அந்த இலக்கைக் குறைக்கிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் இலக்கு மாறுவதே இல்லை, உடலால் அதை எட்ட முடியாமல் போகிறது என்பதே சிக்கல்.

நாயின் நிலை வேறு. அதன் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 வரை, வியர்வை பெரும்பாலும் பாதங்களின் அடியில் மட்டுமே சுரப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதையே அது நம்பியிருக்கிறது. எனவே வாயை இறுகக் கட்டும் கவசத்தை உடனே அகற்றுங்கள். நீரை ரோமத்தின் மேலாக மட்டும் தெளிக்காமல் தோல்வரை இறங்கும்படி ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிடுவது அன்பினால் செய்யப்படும் தவறு; விரைவில் சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். தட்டையான முகமுடைய இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகியது என்பதால் அவற்றுக்கு ஆபத்து அதிகம்.

பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு, ஆகவே அதற்குச் சேறோ தண்ணீரோ வேண்டும். குதிரை மனிதரைப் போலவே தாராளமாக வியர்க்கும். கோழிகள் அலகைத் திறந்து இரைத்து, சிறகுகளை உடலைவிட்டு விலக்கி விரித்து வைத்தால் அவற்றுக்கு நிழலும் காற்றோட்டமும் உடனே தேவை.

நாயின் வெப்பநிலை ஏறத்தாழ 39.5க்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நிறுத்திய பின்னரும் வெப்பநிலை சிறிது நேரம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.