சின்னப் பழக்கங்களில் சறுக்கும் இடங்கள்

ஒரு வருடம் முன்பு நோட்டில் கட்டம் போட்டு, தினமும் பத்துப் பக்கம் படிப்பது என்று ஆரம்பித்தேன். படித்த நாளுக்கு ஒரு டிக். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை இரவு பார்த்தால் புதன், வியாழன், வெள்ளி மூன்றும் காலி. அந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் மூன்று டிக்கையும் போட்டு நிரப்பினேன். ஒரே மூச்சில் போட்டது தெரிந்துவிடுமே என்று வியாழனுக்கு மட்டும் பேனாவை மாற்றினேன். யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேனோ, இன்றுவரை புரியவில்லை.

நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி அந்த மூன்று டிக்கில் இருக்கிறது.

முதலில், ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போல. யோசிக்காமலேயே கை அந்த வேலைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டதில் நடுமதிப்பு 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று; 12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் கணக்குப் போட்டு மதிப்பிட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. கெடுப்பது, தவறியதும் வரும் ‘சரி, இனி அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’தான்.

‘21 நாளில் பழக்கம்’ என்ற பேச்சு, 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். வாய்வழி வந்ததில் ‘குறைந்தது’ காணாமல் போய்விட்டது. தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருட முடிவில் 37 மடங்கு என்பதும் இந்த ரகம். கால்குலேட்டரில் போட்டால் சரியாகத்தான் வரும். மனிதன் என்ன வங்கி டெபாசிட்டா, தினமும் வட்டி ஏற? இந்த எண்களை நம்பி ஆரம்பிப்பவருக்கு இருபத்திரண்டாம் நாள் ஏமாற்றம் நிச்சயம்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் பார்ப்பது அடுத்தது. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றில்தான் முழுக் கவனம் வைத்தார். வருடத்துக்கு நாலு சுற்று. தவறிய நாளில் கரும்புள்ளி. அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதால், துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினாராம். அப்படியும் ‘ஒழுங்கு’ என்ற ஒன்று மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. அதை அவரே எழுதி வைத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

‘நேரம் கிடைக்கும்போது செய்வேன்’ என்று விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எதற்கு அப்புறம் என்று முடிவு செய்யாத பழக்கம் நடக்காது. ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது உதவுகிறது என்பதை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளிலேயே காட்டிவிட்டார்.

ஆனால் என் கணக்கில் பெரிய தவறு வேறு. நடப்பதையும் படிப்பதையும் பட்டியலில் எழுதுகிறோம். நேர்மையை மட்டும் குணம் என்று சொல்லி வெளியே வைத்துவிடுகிறோம். அதுவும் தினசரிப் பழக்கம்தான். ‘கிளம்பிட்டேன், பத்து நிமிஷம்’ என்று மெசேஜ் அனுப்பும்போது வாயில் பிரஷ் இருக்கிறது. ‘இன்னும் கிளம்பவில்லை, அரை மணி ஆகும்’ என்று டைப் செய்யவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். அப்புறம் ஒரு நாள், உடன் வேலை செய்பவர் சொன்ன யோசனையை மீட்டிங்கில் நம்முடையது போலச் சொல்லுவோம். 2016-ல் லண்டனில் நடந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், சுயலாபத்துக்காகப் பொய் சொல்லச் சொல்ல, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் எதிர்வினை குறைந்துகொண்டே போனது; பொய்யின் அளவு ஏறிக்கொண்டே போனது. முதல் பொய்க்கு உறுத்திய அளவுக்குப் பத்தாவது உறுத்துவதில்லை.

இதில் நல்ல பழக்கங்களே சில சமயம் எதிரியாகிவிடும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடி வந்தவருக்கு, பதினொரு மணிக்கு அடுத்தவரிடம் எரிந்து விழ ஏதோ உரிமை கிடைத்த மாதிரி. நல்லது செய்ததை வரவில் வைத்து, கெட்டதைச் செலவில் கழிக்கிறோம்.

தாமதமானால் உண்மையான நேரத்தைச் சொல்வது என்று நோட்டில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தவறிய நாளைக் காலியாக விடாமல் ஒரு வட்டம் போடுகிறேன். இந்த மாதம் இதுவரை ஏழு வட்டம். எல்லாம் ஒரே பேனாவில்.